இந்நான்கெல்லைக்கு உட்பட்டு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பேராசிரியர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். அவரோ, "இலக்கியத்தை நாங்கள் எழுதிக்கொள்கிறோம், நீங்கள் செய்யும் தொழிலைப் பற்றி எழுதுங்கள்" என்றார். நாம் செய்யும் தொழில் மனைத்தரகு. முதுகலைத் தமிழ் பயின்ற ஒருவர் தம்முடைய துறை மலரில் எழுதத்தக்க பொருள்தானா இது என்ற ஐயம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. நமக்குப் பெண் பார்த்த காலத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டவர்களிடம் அம்மா, "வியாபாரம்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எதை விற்கும் வியாபாரம் என்று எவரும் கேட்டுவிடக் கூடாதே என்பது அவருடைய கவலை.

2012-ஆம் ஆண்டு இக்கல்லூரியில் முதுகலை முடித்துத் திருச்சிராப்பள்ளி நகரை ஒட்டிய தனியார் பள்ளி ஒன்றில் நான்காண்டுகள் தமிழ் கற்பித்தோம். திங்களுக்கு 8,500 ரூபாய் ஊதியம். கோடை விடுமுறைத் திங்களுக்கு அதுவும் இல்லை. 2016 ஏப்ரலில் விடுமுறை தொடங்கியபோது, சூன் திங்களில் அந்தப் பள்ளிக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தோம். அடுத்து என்ன செய்வது என்பது குறித்து எந்த முடிவும் இல்லை. அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் தம் மாடிப் பகுதிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நம்முடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் வீடு தேடிக்கொண்டிருந்தார். இருவரையும் ஒரு மாலைப் பொழுதில் பேசவைத்தோம். வாடகை 6,500 ரூபாய். மறுநாள் வீட்டுக்காரர் ஒரு திங்கள் வாடகையை உறையிலிட்டு நம் கையில் கொடுத்து, "தரகருக்குக் கொடுக்கறத உங்களுக்குக் கொடுக்குறேன், தம்பி" என்றார். அரை மணி நேரப் பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு திங்கள் ஊதியம்! நம்மைப் போன்ற அறியாதவர்களை இத்தொழிலுக்குள் இழுப்பது இந்த முதல் உறைதான். அடுத்த உறை நம் கைக்கு வர ஓராண்டுக்கு மேலாயிற்று.

தரகுக்குக் கடை வேண்டாம், முதல் வேண்டாம், பட்டம் வேண்டாம். இருசக்கர வண்டியும் கைப்பேசியும் போதும். எவரும் நுழையலாம் என்பதாலேயே எவரும் மதிப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் நிலைச்சொத்து ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின், பதிவு பெற்ற மனைப்பிரிவுகளையும் அடுக்ககங்களையும் விற்றுத் தரும் முகவர், அவற்றுக்கான ஆணையத்தில் தம்மையும் பதிந்துகொள்ள வேண்டும். ஆனால், ஒருவர் தம் பழைய வீட்டையோ ஒற்றை மனையையோ மற்றொருவருக்கு விற்கும்போது இடையில் நிற்பவரிடம் இச்சட்டம் பதிவுச் சான்று எதையும் கேட்பதில்லை. நாம் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

தொழில் கற்றுக்கொள்ள ஒரே ஒரு கல்விக்கூடம் உண்டு. அது சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே உள்ள தேநீர்க்கடை. காலை பத்து மணிக்கெல்லாம் பத்திர எழுத்தர்களும் தரகர்களும் சாட்சிக் கையொப்பமிட வந்தவர்களும் அங்கே கூடிவிடுவர். புதியவருக்கு அங்கே எவரும் எதையும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தால் நாளை போட்டிக்கு வந்துவிடுவார் அல்லவா? பத்து நாள்கள் தேநீர் குடித்ததன்றி வேறொன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள், மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தம் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகக் கூறி, ஒரு பழைய பத்திரத்தின் நகலை நம்மிடம் நீட்டி, "தம்பி, இதக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க" என்றார். படித்தோம். தடங்கலின்றிப் படித்ததைக் கண்டு, "எங்க படிச்சீங்க?" என்றார். கல்லூரியின் பெயரையும் துறையையும் சொன்னோம். "தமிழ் படிச்சவரா? அப்ப நாளைக்கும் வாங்க" என்றார். அவர் கண்ணாடியை மறந்ததெல்லாம் பொய் என்பது பின்னர்தான் தெரிந்தது.

முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தரகு செய்தவர் அப்பெரியவர். அவருடைய பாடத்திட்டம் எளியது. ஒரு சொத்து வந்தால் விலையை முதலில் கேட்கக் கூடாது. "அசல் பத்திரம் எங்க இருக்கு?" என்று கேட்க வேண்டும். நகலை மட்டும் காட்டி, அசல் பெட்டகத்தில் இருக்கிறது என்பார்கள். அது வங்கியின் பெட்டகமாக இருக்கலாம். கடனுக்கு ஈடாகவும் இருக்கலாம். அடுத்துத் தாய்ப்பத்திரம். விற்பவருக்கு இச்சொத்து எவரிடமிருந்து வந்தது, அவருக்கு எவரிடமிருந்து வந்தது என்று கண்ணி அறாமல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அதன்பின் வில்லங்கச் சான்று. பட்டா, புலப்படம் ஆகியவை கடைசியில் வரும். அதிகாரப் பத்திரத்தின் பேரில் ஒருவர் விற்க வந்தால், அதைக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அவர் தந்த அதிகாரமும் பொதுவாக அன்றோடு முடிந்துவிடும். அதிகாரப் பத்திரத்தை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு சொத்து தமக்குரியது என்று நம்பியிருந்தவர் பலர். அது கிரயம் ஆகாது என்பதை உச்சநீதிமன்றம் 2011-இல் ஐயத்திற்கிடமின்றி உரைத்துவிட்டது. பெரியவர் அத்தீர்ப்பைப் படித்தவர் அல்லர். ஆனால் அதன் சாரத்தை அதற்குப் பல்லாண்டு முன்பே அனுபவத்தால் அறிந்திருந்தார்.

பத்திரத் தமிழ் தனித்தமிழ் அன்று. வகுப்பறையில் நாம் கண்டிராத தமிழ் அது. கிரயம், சுவாதீனம், பாத்தியம் என ஒருபுறம் வடசொற்கள். மறுபுறம் அசல், நகல், வாரிசு, பாக்கி, வசூல், கிஸ்தி, ரத்து, ஜப்தி, இனாம் என வரிசையாக வந்து நிற்கும் அரபு மூலச் சொற்கள். ஓதுகின்ற மொழியில் கேட்டுப் பழகிய வேர்களை, மண்ணளக்கும் காகிதங்களில் மீண்டும் கண்டபோது நமக்கு வியப்பாக இருந்தது. அரபுச் சொற்கள் தமிழில் கலந்த வரலாற்றை ஆராய விரும்பும் மாணவர் எவரேனும் இருப்பின், இலக்கியங்களோடு நில்லாமல் பழைய பத்திரக் கட்டுகளையும் புரட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். ஆய்வேட்டுக்கு வேண்டிய அளவு அங்கே கிடைக்கும்.

தமிழ் படித்த செருக்கு நமக்கு விரைவில் அடங்கியது. அதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 2016 ஆகஸ்டில் முதன்முறையாகத் தனியே ஒருவரை மனை காட்ட அழைத்துச் சென்றோம். பத்திரத்தில் நான்கெல்லை இவ்வாறு இருந்தது: பொதுப்பாதைக்குத் தெற்கு, குட்டைக்கு வடக்கு. பொதுப்பாதை தெற்கிலும் குட்டை வடக்கிலும் இருப்பதாகப் பொருள் கொண்டோம். உண்மையில் அது சொல்ல வந்தது, மனையானது பாதைக்குத் தெற்கே, குட்டைக்கு வடக்கே கிடக்கிறது என்பதே. ஐந்தாம் வேற்றுமைக்கு எல்லைப்பொருள் உண்டு என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவர் நாம். அதே பொருள் நான்காம் வேற்றுமை உருபை அணிந்துகொண்டு வந்ததும் அடையாளம் தெரியாமல் போயிற்று. நம் தீவினைக்குப் பாதையின் வடபுறத்திலும் மழைநீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருந்தது. அதையே குட்டை என்று காட்டி, வாங்க வந்தவரை நடுவில் நிறுத்தி, கிணறு எங்கே தோண்டலாம் என்பது வரை விளக்கிக்கொண்டிருந்தோம். அருகிலிருந்த குடிசையிலிருந்து ஒருவர் மண்வெட்டியுடன் வெளிப்பட்டு, "யாரு நிலத்த யாருய்யா விக்கிறது?" என்றார். வாங்க வந்தவர் நமக்கு முன்பாக வண்டிக்குச் சென்றுவிட்டார். அதன்பின் அவர் நம் அழைப்பை எடுக்கவே இல்லை.

அளவுகளும் அவ்வாறே நம்மை அலைக்கழித்தன. பழைய பத்திரத்தில் சென்ட். காவிரிப் படுகைப் பக்கம் போனால் குழியும் மாவும். நகர எல்லைக்குள் சதுரஅடி. பட்டாவிலோ எக்டேரும் ஏரும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுரஅடி. நூறு குழி கொண்ட மா ஏறத்தாழ 33 சென்ட். பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர். சற்றேறக்குறைய 31 சென்ட். 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பழைய அளவுகளை மெட்ரிக் அளவுக்கு மாற்றி எழுதியதில் நேர்ந்த பிழைகளும், பெயர் மாறிப்போன பதிவுகளும் இன்றளவும் வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் பலரை ஏறி இறங்கச் செய்துகொண்டிருக்கின்றன. பாடல்களில் வேலி, மா என்ற அளவுகளைக் கடந்து சென்றிருக்கிறோமேயன்றி, ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு என்பதைக் காலால் நடந்துதான் அறிந்தோம்.

நாம் தொழிலுக்கு வந்த நேரம் எத்தகைய நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பர் 9 அன்று, விளைநிலங்களை அங்கீகாரமின்றி மனைகளாக்கிப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதுவரை புறநகரில் விற்கப்பட்டவற்றுள் பல அத்தகைய மனைகளே. ஏரியும் வயலும் மனைகளாகிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் என்ற முறையில் அத்தடை வேண்டாதது என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்து முற்றம் ஒரே வாரத்தில் வெறிச்சோடிற்று. மூச்சுவிட்டு எழுவதற்குள் நவம்பர் 8 அன்று இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ரொக்கத்தில் பாதியும் பத்திரத்தில் பாதியுமாக நடந்துவந்த தொழில் அத்தோடு படுத்துவிட்டது. தேநீர்க்கடையில் பழைய தரகர்கள் எல்லாம் வங்கி வாயிலில் வரிசையில் நின்ற கதைகளைப் பேசிக்கொண்டிருந்தனர். 2017 மே திங்களில் பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்த பின்னரே பத்திர எழுத்தர்களின் மேசைகளில் மீண்டும் தாள்கள் சேரத் தொடங்கின.

இடைப்பட்ட அத்திங்களில் அம்மாவின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. பெட்ரோலுக்கும் நகல் எடுப்பதற்கும் நாளொன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் செலவு. வரவு இல்லை. மனை காட்டியபின் வாங்குபவர் நமக்குத் தெரியாமல் உரிமையாளரிடம் நேரே சென்று முடித்துக்கொள்வது இருமுறை நிகழ்ந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இத்துயரம் விளங்காது. நாற்பது நாள் அலைந்த உழைப்பு, பதிவு நாளன்று எவரோ சொல்லித்தான் நமக்கே தெரியவரும். கேட்டால், "நீங்க என்ன செஞ்சீங்க, தம்பி? வழிதானே காட்டுனீங்க?" என்பார்கள். முதல் விற்பனை 2017-இன் இறுதியில்தான் கைகூடியது. கிராம நத்தத்தில் மூன்று சென்ட்; விலை 6,50,000 ரூபாய். இருபுறமும் இரண்டு விழுக்காடு என்பது வாய்ப்பேச்சு. விற்றவர் ஒன்றும் தரவில்லை. வாங்கியவர் 13,000 ரூபாய் தந்தார். அதற்குப் பங்குதாரர்களாக நான்கு தரகர்கள். நம் பங்கு 3,250. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இவ்வளவு நாளைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்காமல், அதைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார்.

நாம் எழுத வந்தது உண்மையில் இதற்கடுத்து நிகழ்ந்ததைப் பற்றித்தான்.

2018-ஆம் ஆண்டு, நகருக்குள்ளேயே ஒரு பழைய வீடும் மனையும் விற்பனைக்கு வந்தன. நம் சமுதாயத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள். தந்தையும் தாயும் காலமாகிவிட்டனர். இளையவர் வெளிநாட்டில் இருந்தார். அண்ணனுக்கு முறைப்படி அதிகாரம் எழுதி அனுப்பியிருந்தார். வாங்க முன்வந்தவர் இருபத்திரண்டு ஆண்டுகள் தம்மாமில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். விலை 42 இலட்சம். இருபுறமும் ஒரு விழுக்காடு எனப் பேசியிருந்தோம். 84,000 ரூபாய், இடையில் வேறு தரகர் எவரும் இல்லை. அம்மாவின் வளையல்களை மீட்டுவிட்டு மீதமும் இருக்கும். தாள்கள் எல்லாம் சீராக இருந்தன. அசல் கையில், தாய்ப்பத்திரம் தொடர்ச்சியாக, வில்லங்கச் சான்று சுத்தம். வாரிசுச் சான்றில் மூன்று மகன்களின் பெயர்கள். ஒரு இலட்சம் முன்பணம் கைமாறிற்று.

பெரியவர் கற்பித்த பாடங்களில் ஒன்று, பதிவுக்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வர வேண்டும் என்பது. பத்திரம் சொல்லாததைப் பக்கத்து வீடு சொல்லும் என்பார். அதன்படியே போய் அமர்ந்தோம். அவ்வீட்டு மூதாட்டி பேச்சுவாக்கில், "மூத்தது பொம்பளப் புள்ளயில்ல? அதுதான் இவனுவள இடுப்புல தூக்கி வளத்துச்சு. அதுக்கு எவ்வளவு குடுக்குறாங்களாம்?" என்றார். கையிலிருந்த தண்ணீரைக் குடித்தோமா, கீழே வைத்தோமா என்பது நினைவில் இல்லை.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். ஒருவர் இறந்ததும் சொத்து எவரெவருக்குச் சென்றது என்பது அதில் இராது. நம்மவரிடையே வாய்மொழியாகவே செய்து ஒப்படைக்கப்படும் ஹிபா கூடச் செல்லுபடியாகும். அதுவும் அச்சான்றில் ஏறாது. வாரிசுச் சான்றோ, உறவினர் சொன்னதைக் கொண்டு விசாரித்துத் தரப்படுவது. மகளின் பெயரைச் சொல்லாமல் விட்டால் அது விடுபட்டுத்தான் போகும். மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்னும் கணக்கு அறியாதவர் இம்மலரைப் படிப்போரில் எவரும் இரார். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியிருந்ததையும், 1949-இல் சென்னை மாகாணத்துத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியதையும் சட்டம் பயின்றோர் அறிவர். கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது. கையொப்பம் வாங்கும் நாளில்தான் மறந்துபோகிறது. இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையும் அன்று. இந்துப் பெண்டிர்க்குக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுமைக்கும் 2005-லும் சட்டமானது. அவ்வீடுகளிலும் தங்கையைப் பற்றிக் கேட்டால், "அதுக்குத்தான் கல்யாணம் செஞ்சு குடுத்தாச்சே" என்னும் மறுமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

மூத்த சகோதரரிடம் கேட்டோம். மறைக்கவில்லை. "அக்காவுக்கு நாப்பது பவுன் போட்டுத்தான் கட்டிக் குடுத்தோம், தம்பி. அவுங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். கெட்ட மனிதர் அல்லர் அவர். தம் மகள் திருமணத்துக்காகவே அவசரப்பட்டார். திருமணத்தின்போது போட்ட நகை, தந்தை இறந்தபின் எழும் பாகத்தைத் தீர்த்துவிடாது என்பது அவருக்குத் தெரியாமலும் இல்லை.

மூன்று நாள்கள் நாம் வாய் திறக்கவில்லை. இதனை எழுதும்போது கை தயங்குகிறது. ஆயினும் உண்மை அதுதான். நம் மனம் நமக்காக நன்றாகவே வாதாடியது. வாரிசுச் சான்று அரசு தந்தது. அதைச் சரிபார்ப்பது தரகரின் கடமையா? அக்காள்தான் கேட்கமாட்டாரே, கேளாத ஒன்றை நாம் ஏன் எழுப்ப வேண்டும்? வாங்குபவரிடம் சொன்னால் அவர் விலகிவிடுவார். விலகினால் நமக்கு என்ன மிஞ்சும்? மூன்றாம் நாள் தேநீர்க்கடையில் பெரியவரிடம் சொன்னோம். அறிவுரை ஏதும் அவர் சொல்லவில்லை. "வாங்குறவருக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றோம். "அவரு எத்தனை வருசம் வண்டி ஓட்டுனாருன்னு சொன்னீங்க?" என்றார். இருபத்திரண்டு என்றோம். தேநீர்க் குவளையைக் கழுவி வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை வாங்குபவரின் வீட்டுக்குச் சென்று நடந்ததை எல்லாம் சொன்னோம். அவர் முதலில் நம்மீதுதான் சினந்தார். முன்பணம் கொடுக்குமுன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டது முறையே. சகோதரர்களிடமோ அந்த ஒரு இலட்சம் அதற்குள் செலவாகியிருந்தது. மறுநாள் காலை இரு சகோதரர்களும் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, அத்தா முன்னிலையில் நம்மைக் குடிகெடுத்தவர் என்றனர். அத்தா அவர்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார். அவர்கள் குடிக்கவில்லை.

பேச்சு பள்ளிவாசல் ஜமாஅத்துக்குச் சென்றது. அங்கே பெரியவர் ஒருவர் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மூன்று மகன்களுக்கு ஆறு பங்கு, ஒரு மகளுக்கு ஒரு பங்கு, ஆக ஏழு. 42 இலட்சத்தில் ஏழில் ஒன்று 6 இலட்சம். இவ்வளவுதான் கணக்கு. இதனைச் சகோதரர்கள் ஏற்றுக்கொள்ள ஏழு திங்கள் ஆயிற்று. அக்காள் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கணவரை இழந்து, வாடகை வீட்டில் தையல் பொறி வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. 2019 தொடக்கத்தில் அவரும் கையொப்பமிட, அதே விலைக்கு அதே மனிதருக்கு அச்சொத்து பதிவாயிற்று. அதனை முடித்து வைத்தவர்கள் ஜமாஅத்தார். எனவே தரகு என்ற பேச்சு எழவில்லை. நம்மை எவரும் அழைக்கவும் இல்லை. பதிவு நாளன்று எதிரே தேநீர்க்கடையில்தான் இருந்தோம். முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடும், அந்நாளில் நான்காக இருந்து பின்னர் 2023-இல் இரண்டாகக் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணமும் சேர்ந்து வாங்கியவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று, பழக்கத்தின் காரணமாக மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வளையல்கள் அடகிலேயே இருந்தன. மூத்த சகோதரர் இன்றுவரை நம் ஸலாத்துக்குப் பதில் சொல்வது உதட்டளவில்தான்.

இன்று இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சில வசதிகள் உண்டு. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் புதிய கணினி முறை மாநிலம் முழுவதும் வந்தபின், வில்லங்க விவரத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். பட்டாவும் புலப்படமும் அவ்வாறே. அலுவலக வாசலில் நாம் கழித்த பொழுதுகள் அவர்களுக்கு மிச்சம். 2025-இல் பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே அப்பக்கத்து நிலவிலையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கிவிட்டனர். கல்லூரி முடித்த தம்பிகள் சிலர் நம்மிடம் வந்து, "எப்படி ஆரம்பிக்கிறது, பாய்?" என்று கேட்பதுண்டு. ஓராண்டுச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறோம். பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பற்றியும் சொல்வதுண்டு. ஆனால் கைப்பேசியில் தெரியாதது எதுவும் இருக்கும் என்பதை அவர்கள் நம்புவதாகத் தெரியவில்லை.

பெரியவர் 2021-இல் மறைந்தார். அவருடைய மகன் நம்மை அழைத்துத் துணிப்பை ஒன்றைக் கொடுத்தார். நகல் பத்திரங்கள், கிழிந்த புலப்படங்கள், ஓர் அடிக்கோல், மூக்குக் கண்ணாடி. கண்ணாடியை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அந்தப் பதிவு முடிந்து சில திங்கள் கழித்து, அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அந்த அக்காள்தான். நம் எண்ணை எவரிடம் பெற்றார் என்று சொல்லவில்லை. "தம்பி, அந்தப் பணத்துக்குள்ள எனக்கு ஒரு துண்டு இடம் பாத்துத் தருவீங்களா? வாடகை வீட்டுலயே மவுத்தாயிரக் கூடாது" என்றார். அவருடைய ஊரிலேயே தேடினோம். ஆறு வாரத்தில் இரண்டரை சென்ட் கிடைத்தது, 4,80,000 ரூபாய். அசலைப் பார்த்து, தாய்ப்பத்திரத்தைப் பார்த்து, இருபுறத்து வீடுகளிலும் தண்ணீர் குடித்தோம். விற்றவருக்கு இரு தங்கையர் இருந்தனர், இருவரும் கையொப்பமிட்டனர்.

பதிவுக்கு முதல் நாள் மனையில் நின்றபடி வரைவைப் படித்துக் காட்டுமாறு கேட்டார். படித்தோம். ஊராட்சிப் பாதைக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு என்று வந்ததும் நிறுத்தி, "பாதைக்குக் கிழக்குன்னா பாதை கிழக்க இருக்கா, நான் கிழக்க இருக்கேனா?" என்றார். "நீங்கதான் கிழக்க இருக்கீங்க, அக்கா" என்றோம். நான்கு மூலைக் கற்களையும் சுற்றி வந்து, நடுவில் நின்று, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு விழுக்காட்டுக்குச் சரியாக எண்ணி வைத்திருந்த 9,600 ரூபாயை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். "உங்க வேலைக்கு உள்ளத வாங்கிக்கங்க, தம்பி" என்றார். வாங்கிக்கொண்டோம்.